எதிரில் நிற்பவள் – அத்தியாயம் 9

ஃப்ளோரன்ஸின் முழங்கால் சரியாகிவிட்டது.

இதை அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எதிர் ஃப்ளாட்டில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவிட்டாள். கேட்டிருக்க வேண்டிய ஒரே மனிதர் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவர் அவள் புருஷன்.

போன வாரம் நடந்தது நினைவிருக்கும். சாந்தோமில் அவர்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட்டைத் தொடாமல் படியேறி வந்து, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு, அவர் எதிரே போய் நின்றாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“லிஃப்ட் மறுபடி ரிப்பேரா?” என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி மகளிடம், “ரெனி, மூணாவது சீன் எடும்மா” என்றார்.

ஃப்ளோரன்ஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதையும் அவர் கேட்கவில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரன்ஸின் புருஷன் வேறு யாருமில்லை, தும்மல் இக்னேஷியஸ். பங்குத் திருவிழா நாடகத்தில் சாத்தானாக வந்து, தன் வாலைத் தானே மிதித்து விழுந்து, கோயில் வளாகத்தையே சிரிக்க வைத்தவர். பங்குச் சாமியாருக்குக் கோபம் வந்தது. அடுத்த வருஷம் கூட்டம் இரண்டு மடங்கு வந்ததும் அந்தக் கோபம் போய்விட்டது.

அப்படியே சபா நாடகம், அப்புறம் சினிமா. ஒரு படத்தில் பிணமாகப் படுக்கச் சொன்னார்கள். கதாநாயகன் மேலே விழுந்து உருகி உருகி அழும்போது மாலையிலிருந்த சாமந்தி மூக்கில் உரச, பிணம் தும்மிவிட்டது. டைரக்டர் திட்டினார், எடிட்டர் சிரித்தார், தும்மல் படத்தில் அப்படியே தங்கிவிட்டது. படம் ஓடவில்லை. தும்மல் ஓடியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தத் தும்மலிலேயே குடும்பம் நடந்தது.

ஆள் ஒரு மாதிரி. மீன் மார்க்கெட்டுக்குக் கோட் போட்டுக்கொண்டு போவார், விருது விழாவுக்கு லுங்கியில் கிளம்பப் பார்ப்பார். செல்ஃபி கேட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். அவர் கண் திறந்திருக்கிற ஒரு படம்கூட ரசிகர்கள் யாரிடமும் கிடையாது.

ஃப்ளோரன்ஸ் மேடையில் அவருக்கு எதிரில் நிற்பவள். அவர் வேலைக்காரராக வந்தால் இவள் எஜமானி, அவர் நோயாளி என்றால் இவள் நர்ஸ். கேள்வியை இவள் கேட்பாள், சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டு போவார். சினிமாக்காரர்கள் அவரை மட்டும்தான் கூப்பிட்டார்கள். திரையில் அவரை அறைந்த நடிகைகள் மேலெல்லாம் இவளுக்கு எரிச்சல் உண்டு. அவரை அறைகிற உரிமை தனக்குத்தான் என்று நினைத்தாள். ஆனாலும் மேடை இருந்தது. அந்த எதிர்ப்பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக அவளுடையதாக இருந்தது.

போன மழைக்காலத்தில் முழங்கால் போயிற்று. ‘மாடி போர்ஷன்’ என்ற புது நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கிய சமயம். வீட்டுக்காரம்மா பாத்திரத்தைச் சும்மா படித்துக் காட்ட, பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த மகள் ரெனிட்டாவை உட்கார வைத்தார் இக்னேஷியஸ். “மம்மிக்குக் கால் சரியாகற வரைக்கும்” என்றார். கால் சரியாகிவிட்டது. வார்த்தைதான் அப்படியே நின்றுவிட்டது.

இன்றைக்கு அரங்கேற்றம்.

*

நாடகம் உள்ள நாளில் இக்னேஷியஸ் பேச மாட்டார். காலையில் கண் விழித்ததிலிருந்து திரை தூக்குகிற வரை ஒரு வார்த்தை கிடையாது. அன்றைய முதல் வார்த்தை மேடையில்தான் வெளியே வர வேண்டும், அப்போதுதான் அதில் உயிர் இருக்கும் என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் ஃப்ளோரன்ஸ் இதை நினைத்து அழுதிருக்கிறாள். பிற்பாடு, நாள் முழுக்க அடக்கி வைத்த அந்த முதல் வார்த்தை தன்னைப் பார்த்துத்தான் வருகிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நாடக நாள் என்றாலே பிடித்துப்போயிற்று. யார் வீட்டில் புருஷன் இப்படிப் பேச்சைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறான் என்று பெருமைகூட உண்டு.

இன்றைக்கு அந்த வார்த்தை மகளுக்குப் போகும்.

இட்லித் தட்டை வைக்கும்போதே அவள் நெஞ்சு கசந்தது. இக்னேஷியஸ் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து உதறிக் காட்டினார். உப்பு போதவில்லையாம். அதே கையால், ரெனிட்டா அறையிலிருந்து வெளியே வந்ததும், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ரெனிட்டா ஃப்ளோரன்ஸின் அரக்கு நிறக் காட்டன் புடவையைக் கட்டியிருந்தாள்.

“சாயந்திரத்துக்கு இது ஓகேவா மம்மி? உன்கிட்ட கேக்காம எடுத்துட்டேன்.”

“கட்டினப்புறம் கேட்டா என்ன சொல்றது?”

“நல்லா இல்லையா?”

“கொசுவம் கொஞ்சம் ஏறி இருக்கு” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கொசுவம் ஏறியிருக்கவில்லை. புடவை மகளுக்கு அம்சமாக இருந்தது. தனக்கு எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை என்று அவளுக்கே தெரியும். பெற்ற பெண் மேல் வந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை, அவளுக்கும் அப்போது தெம்பில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. இக்னேஷியஸுக்குப் படம் வந்து இரண்டு வருஷமாகிறது. இன்று மாலை தௌசீஃப் என்கிற இளம் டைரக்டர் நாடகம் பார்க்க வருகிறான். ராயப்பேட்டைப் பையன், அவனுடைய முதல் வெப் சீரிஸைக் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டாடியிருக்கிறார்கள். அடுத்ததில் ஒரு பெரிய காமெடி பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறான். அவன் போட்டோவை இக்னேஷியஸ் ஒரு வாரமாகப் போனில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பழகினால் பயம் வராதாம்.

*

மதியம் அவர் படுத்த பிறகு ரெனிட்டா சமையலறைக்கு வந்தாள்.

“மம்மி, ஒரு டவுட்டு. டாடிகிட்ட கேக்க முடியாது, அவர்தான் வாயை மூடிக்கிட்டாரே.”

“என்ன?”

“மூணாவது சீன்ல நான் ‘உங்களுக்கு என்ன வேலை’ன்னு கேக்கறேன் இல்ல? ரிகர்சல்ல எல்லாம் அந்த இடம் வந்தா, ‘இங்க நான் ஒண்ணு பண்ணுவேன், அப்புறம் பாத்துக்கலாம்’னு தாண்டிப் போயிடறார். என்ன பண்ணுவார்? அப்போ நான் என்ன செய்யணும்?”

ஃப்ளோரன்ஸுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எல்லா நாடகத்திலும் அவருக்கு அப்படி ஒரு இடம் உண்டு. அதை அவர் ஒத்திகை பார்க்கவே மாட்டார். கேள்வி வந்ததும் பேசாமல் நிற்பார். விசிறியைப் பார்ப்பார், நாற்காலியைப் பார்ப்பார், ஜனங்களைப் பார்ப்பார். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு வரும். அது அடங்கப்போகிற நேரத்தில் இன்னொரு முறை விசிறியைப் பார்ப்பார். மூன்றாவது சிரிப்பில் அரங்கமே உருளும். அதுவரை எதிரில் நிற்பவள் இமைகூட ஆட்டக்கூடாது, வாய் திறக்கவே கூடாது. கேள்வி கேட்ட முகத்தோடு அப்படியே நிற்க வேண்டும். அவள் ஒரு சொல் சொன்னாலும் மொத்தமும் பொசுங்கிவிடும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“நீ சின்னப் பிள்ளையில எத்தனை தடவை பார்த்திருக்க. முதல் வரிசையிலதானே உக்காருவ.”

“பார்த்திருக்கேன் மம்மி. ஆனா நான் டாடியைப் பார்த்து சிரிச்சிட்டே இருப்பேன். நீ என்ன பண்ணேன்னு யாரு பார்த்தா?”

ரெனிட்டா அதை மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடியபடியே சொன்னாள்.

ஃப்ளோரன்ஸ் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“அவர் நிறுத்தினா நீ விடாதே” என்றாள். “அடுத்த டயலாக்கை உடனே சொல்லிடு. அவருக்கு இடமே குடுக்காதே.”

“உடனேவா?”

“உடனே. மறுபடி நிறுத்தினாலும் அதேதான். நீ தயங்கினா வசனம் மறந்துட்டேன்னு ஜனங்க நினைச்சிப்பாங்க.”

“தேங்க்ஸ் மம்மி. இது தெரியாம மாட்டியிருப்பேன்.” ரெனிட்டா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

ஐந்து மணிக்கு டாக்ஸி ஏறினார்கள். முன் சீட்டில் இக்னேஷியஸ் ஊமைச் சாமியாராக உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவரை அடையாளம் கண்டு, “சார், ஒரு தும்மல் சார்” என்று கெஞ்சிப் பார்த்தான். அவர் கும்பிட்டார். டிரைவரின் முகம் சுருங்கிவிட்டது.

கச்சேரி ரோட்டில் நெரிசல். ஃப்ளோரன்ஸுக்கு உள்ளுக்குள் அரித்தது. அரங்கம் நிறைய ஜனங்களுக்கு முன்னால் பெற்ற பெண் அசடு வழியப்போகிறாள். அந்த டைரக்டர் உதட்டைப் பிதுக்கப்போகிறான். புருஷனின் பிழைப்பும் சேர்ந்து போகும். இப்போதுகூட ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது தப்பு, நீ பேசாம நில்லு, அவ்வளவுதான்.

“ரெனி” என்றாள்.

“மம்மி, நான் ஒண்ணு யோசிச்சேன்” என்றாள் ரெனிட்டா. “இந்த நாடகம் செட் ஆயிடுச்சுன்னா நீ இனிமே அலைய வேணாம். வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடு. டாடியை நான் பார்த்துக்கறேன்.”

முன் சீட்டில் இக்னேஷியஸின் தலை மெதுவாக ஆடியது. சரி என்று ஆடியதா, டாக்ஸி குழியில் இறங்கி ஏறியதா என்று ஃப்ளோரன்ஸ் ஆராயவில்லை.

“என்ன மம்மி, கூப்பிட்டியே?”

“ஒண்ணுமில்ல. தலையில பூ சரிஞ்சிருக்கு.”

*

மாட வீதியை ஒட்டிய அந்தச் சபாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கேன்டீனில் அடைக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து இந்தத் திரையை அவள் பார்ப்பது இதுவே முதல் முறை. இந்தப் பக்கம் இவ்வளவு அழுக்காக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

திரை தூக்கி ஐந்து நிமிஷம் கழித்து, குனிந்தபடி ஒரு பையன் வந்தான்.

“ஆன்ட்டி, இங்க யாராச்சும் வராங்களா?”

போனில் பார்த்த அதே முகம். தௌசீஃப். அவனுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. அவளை யாருக்குத்தான் தெரியும். தள்ளி இடம் கொடுத்தாள்.

இக்னேஷியஸ் மேடைக்கு வந்தார். கையில் பெட்டி, தோளில் குடை. கைதட்டல் ஓய்ந்ததும் ரெனிட்டாவைப் பார்த்து, “அம்மா” என்றார்.

அன்றைய முதல் வார்த்தை. வீடு தேடி வந்தவன் வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற சாதாரண ‘அம்மா’தான். இத்தனை வருஷம் அது ஃப்ளோரன்ஸுடையது. சொத்தைப் பிடுங்கிக்கொண்டால்கூட இப்படி இருந்திருக்காது.

முதல் இரண்டு காட்சிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வந்தது.

“உங்களுக்கு என்ன வேலை?” என்றாள் ரெனிட்டா.

இக்னேஷியஸ் பேசவில்லை. விசிறியைப் பார்த்தார். இடது மூலையில் யாரோ சிரித்தார்கள். ஃப்ளோரன்ஸ் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். பேசாதே ரெனி, பேசாதே என்று அவளையும் அறியாமல் உதடு அசைந்தது.

“புரிஞ்சுது” என்றாள் ரெனிட்டா. “கல்யாணம் ஆயிடுச்சா?”

அந்தப் ‘புரிஞ்சுது’ நாடகத்தில் இல்லை. ஃப்ளோரன்ஸும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நொடி அரங்கம் திகைத்தது. பிறகு வெடித்துச் சிரித்தது.

இக்னேஷியஸ் திரும்பிப் பார்த்தார். அவர் கணக்குத் தவறிவிட்டது. விட்டதைப் பிடிக்க மறுபடியும் வாயை மூடிக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார்.

“அதுவும் புரிஞ்சுது. சமைப்பீங்களா?”

சிரிப்பு அடங்குமுன் அவர் ஜனங்களைப் பார்த்தார்.

“அவங்களைப் பார்க்காதீங்க. அவங்க வாடகைக்கு விடல.”

பின்வரிசையில் விசில் பறந்தது. இக்னேஷியஸ் நிஜமாகவே விழித்தார். அந்த விழிப்புக்கும் சிரித்தார்கள். ஆனால் எல்லாக் கண்ணும் ரெனிட்டாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று. மேடையில் எதிரில் நிற்பவளை ஜனங்கள் இப்படிப் பார்த்து ஃப்ளோரன்ஸ் கண்டதில்லை.

இருபது வருஷம் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற இடம், என்று நினைத்தாள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? விழ வேண்டும் என்று நினைத்த பெண் விழாமல் போனதில் ஒரு பக்கம் உயிர் வந்தது. மறுபக்கம் முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவள் அம்மாதான், ஆனாலும் எரிந்தது.

தௌசீஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான். “இன்னா ஆன்ட்டி இது, பின்னி எடுக்கறாங்க. யாரு இந்தப் பொண்ணு?”

“அவரோட பொண்ணு” என்றாள் ஃப்ளோரன்ஸ். என் பொண்ணு என்று சொல்ல வரவில்லை.

*

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குள் அவள் போனபோது தௌசீஃப் முன்பே அங்கே இருந்தான். இக்னேஷியஸின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “சார், உங்க தும்மலைப் பாத்து வளர்ந்தவன் சார் நானு” என்றான். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே அவன் ரெனிட்டாவிடம் திரும்பிவிட்டான்.

“மேடம், என் அடுத்த சீரிஸ்ல மெயின் ரோல் ஒண்ணு கீது. ஆம்பளைக்குத்தான் எழுதி வெச்சிருந்தேன். இப்போ மாத்திடலாம்னு தோணுது. ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு என் ப்ரொட்யூசரைக் கூட்டிக்கினு வரேன். இதே மாதிரி பண்ணுங்க, அவர் பாத்தா போதும்.”

“எனக்கா?” என்றாள் ரெனிட்டா.

“சாருக்கும் ஒரு நல்ல கேரக்டர் யோசிக்கிறேன்” என்று சேர்த்துக்கொண்டான். “அந்த மூணாவது சீன்ல சார் கேப் விட்டதும் உள்ள பூந்தீங்களே, அது யார் ஐடியா?”

“மம்மிதான் சொல்லிக் குடுத்தாங்க.” ரெனிட்டா ஓடிவந்து ஃப்ளோரன்ஸைக் கட்டிக்கொண்டாள். “நிறுத்தினா விடாதே, இடமே குடுக்காதேன்னு மதியம்தான் சொன்னாங்க.”

“ஆன்ட்டி நீங்களா? பக்கத்துலயே உக்காந்துக்கினு சொல்லவே இல்லியே.” தௌசீஃப் அவளுக்கு சலாம் வைத்தான்.

ஃப்ளோரன்ஸ் மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த இக்னேஷியஸ் பவுடரைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார். அந்த இடத்தில் பேசக்கூடாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் ஃப்ளோரன்ஸ்தான். அது அவருக்கும் தெரியும்.

ரெனிட்டாவும் தௌசீஃபும் நம்பர் மாற்றிக்கொண்டு வெளியே போனதும் அவர் கேட்டார்.

“யாரை விழ வைக்கப் பாத்த? என்னையா, அவளையா?”

பொய் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. “அவளை” என்றாள்.

இக்னேஷியஸ் மூச்சு விட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தவளுக்கு, அது ஆறுதலாக விட்ட மூச்சு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உனக்கு முழங்கால் இப்ப எப்படிக் கீது ஃப்ளோ?”

அவள் மேஜை மேல் கிடந்த குடையை எடுத்துச் சுருட்டினாள்.

“சரியாப் போச்சில்ல? அன்னிக்குப் படியேறி வந்தியே, நான் பாத்தேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கிழமை நீ நில்லு. பாப்பா வேணாம்.”

“அந்தப் பையன் ப்ரொட்யூசரைக் கூட்டிட்டு வரான். அவளைப் பார்க்க.”

“வரட்டும். நாடகம் என்னுது. அவ பேசறப்போ ஒருத்தனும் என்னப் பாக்கல ஃப்ளோ. என் எதிர்ல நீ நின்னாத்தான் எனக்கு மேடை. அவகிட்ட நான் பதமா சொல்லிக்கறேன், மம்மி ஆசைப்படறான்னு.”

மேடையில் அந்த எதிர்ப்பக்கத்தை அவள் எத்தனையோ விதமாகக் காத்து வந்திருக்கிறாள். இரண்டு மாதமாக இந்த ஒரு பேச்சுக்காகத் தவம் கிடந்தாள். என் எதிரில் நீ நின்றால்தான் மேடை. அது இப்போது வந்திருக்கிறது, பெண்ணின் வாழ்க்கையை நடுவில் வைத்துக்கொண்டு. அவர் ஆசையால் கேட்கவில்லை, பயத்தால் கேட்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் இது என்பதும் தெரிந்தது.

“சரி” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கதவு திறந்தது. கையில் மூன்று பேருக்குமான காபியோடு ரெனிட்டா நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன மம்மி சரி?”